என் கணவரின் மோட்சமும் அலபாமாக்காரரும்

டயலிசிஸ் எடுக்கும் இடத்தில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஒரு அமெரிக்கர். அலபாமாவின் மலைப்பக்கத்தில் பிறந்தவர். இளவயதில் அமெரிக்க விமானப் படையில் மெக்கானிக்காக இங்கிலாந்துக்கு வந்து, இங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டி, நாற்பது வருடமாகக் கிழக்கு லண்டன் வீடுகளில் பொயிலர் திருத்தியவர். மனைவி இறந்தபின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கவுன்சில் பிளாட்டில் தனியாக இருந்தார். நான் மனோர் பார்க்கில், நானும் தனியாகத்தான். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் ஆஸ்பத்திரி வான் முதலில் என்னை ஏற்றும், பிறகு அவரை ஏற்றும்.

முதல் நாள் நான் போனபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் கிச்சினில் வேலை செய்துகொண்டிருந்தேன். சீனி வருத்தம் சிறுநீரகம் இரண்டையும் முடித்துவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு அந்த வேலையும் போயிற்று. மெஷினில் பூட்டுவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு ஊசி ஏற்ற வேண்டும். ஊசியின் பருமனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லத் தொடங்கினேன். அப்போது பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பயப்படாதேங்கோ மேம். நான் நாலு வருசமா வாறன். ஒருநாளும் சாகேல்ல. ஒருக்காச் சாகத்தான் இருந்தனான், ஆனா அண்டைக்கு வான் பிந்திப் போச்சு.”

அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் லண்டன் இங்கிலீஷ் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, அடுத்த சொல் வருமா வராதா என்று கேட்பவரைக் காக்க வைத்துத்தான் கதைப்பார். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இருக்காது. எனக்கு அது எங்கள் பேச்சாகவே காதில் விழுந்தது, அப்படியே மனதிலும் தங்கிவிட்டது. ஆகவே இங்கே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். ‘மேம்’ மட்டும் அவருடையது. இருபத்திரண்டு வயது நர்சுக்கும் மேம், நிலம் துடைக்க வரும் பெண்ணுக்கும் மேம்.

அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபத்திரண்டு வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் தெரியாமல் “அண்ணை” என்றுவிட்டேன். அதென்ன என்று கேட்டார். மூத்த சகோதரன் என்றேன். 

“எங்கட சபையிலயும் எல்லாரும் சகோதரர்தான். ஆனா அங்க ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல” என்றார்.

அவருடைய ஊரில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பப்டிஸ்ட் சபைகள் இருந்தனவாம். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவைதான். ஆற்றில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஆளைத் தண்ணீர் வரும் பக்கம் பார்த்து முக்குவதா, போகும் பக்கம் பார்த்து முக்குவதா என்ற சண்டையில் பிரிந்தார்கள். பிரிந்து போனவர்கள் ஆற்றில் கொஞ்சம் கீழே போய்த் தங்களுக்கு ஒரு இடம் பிடித்தார்கள். “அதுக்குப் பிறகு ஐம்பது வருசமா எங்கட ஆக்கள் சொல்லிக்கொண்டிருந்தவை, கீழ்ப்பக்கத்து ஆக்கள் எங்கட பாவம் கழுவின தண்ணியிலதான் முழுகினம் எண்டு.”

அவருக்கு ஒரு மாமா இருந்தார். ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதக் கூட்டத்தில் அழுது மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுப்பார். மான் வேட்டைக் காலம் தொடங்கினால் குடி, சீட்டு எல்லாவற்றுக்கும் திரும்பிவிடுவார். ஆறாவது வருடம் பாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, “தம்பி, இனி வேட்டை முடிஞ்சாப் பிறகு வா. தண்ணி குளிரும்தான், பரவாயில்லை, நான் தாங்குவன்” என்றாராம்.

இந்தக் கதைகள் உண்மையா என்று நான் கேட்டதில்லை. நாலு மணித்தியாலம் ஒரு கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். உங்கள் ரத்தம் ஒரு குழாயால் வெளியே போய் இன்னொரு குழாயால் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் கதை சொல்ல ஒரு ஆள் கிடைப்பது பெரிய விசயம்.

எங்களுக்குள் வேதத் தர்க்கம் தொடங்கியது சாம்பல் புதனுக்கு அடுத்த நாள். முந்தின நாள் பூசையில் எங்கள் பங்குக் குருவான சுவாமி என் நெற்றியில் பூசிய சாம்பலை நான் வடிவாகக் கழுவவில்லை.

“மேம், உங்கட நெத்தியில பொயிலர் கரி பிரண்டிருக்கு” என்றார்.

நான் விளக்கினேன். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண் நான், இதெல்லாம் எனக்குச் சோறு மாதிரி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இது பைபிளில் எங்கே இருக்கிறது என்றார். பிறகு மாதாவிடம் மன்றாடுவது எங்கே இருக்கிறது என்றார். அதற்கடுத்த கிழமை, உத்தரிக்கிற ஸ்தலம் எங்கே இருக்கிறது என்றார். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் பாவத்தின் மிச்சத்தைக் கழிக்கும் அந்த இடத்தைப் பற்றிச் சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது.

“கிழமைக்கு மூண்டு நாள் இந்தக் கதிரையில இருந்துகொண்டு, உத்தரிக்கிற ஸ்தலம் எங்க எண்டு என்னட்டைக் கேக்கிறியளோ?” என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. “ரோமாபுரிக்கு ஒரு புள்ளி” என்றார்.

அவருடைய நம்பிக்கை மிகவும் எளிமையானது. மனிதன் செய்யும் நன்மையால் ஒரு பிரயோசனமும் இல்லை. விசுவாசம் ஒன்றே போதும். அது வாயால் அறிக்கையிட்ட விசுவாசமாக இருக்க வேண்டும். ஒருமுறை மீட்கப்பட்டவன் எப்போதும் மீட்கப்பட்டவன். என் நம்பிக்கை அவ்வளவு சுத்தமானதில்லை. செய்ய வேண்டியதையும் செய்து, கும்பிடவும் கும்பிட்டு, மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் நான் வளர்ந்த விதம். இருவரும் மாறி மாறி வசனம் தேடினோம். அவர் மடியில் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று இருக்கும். வலது கையால் மட்டும் தாள் புரட்டுவார். நர்ஸ்மார் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நான் இதில் இவ்வளவு மினக்கெட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் வெகுகாலம் சொல்லவில்லை.

என் கணவர் சைவம், யாழ்ப்பாணத்தவர். நாங்கள் இருவரும் லண்டனில் அகதியாக இருந்த காலத்தில் விரும்பிக் கட்டினோம். இரண்டு வீட்டாரும் எங்களைக் கைவிட்டார்கள். பிள்ளைகள் பிறக்கவில்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் சேர்ச் ரோட் முருகன் கோயிலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் காரில் ஏற்றிப் பூசைக்குக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெளியே காருக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். மழை பெய்தால் குடையோடு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வந்ததில்லை. ஒருமுறை நான் மெல்லக் கேட்டேன். “என்னை மாத்தாதை. நான் உன்னை மாத்தினனானே?” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

நான் டயலிசிஸ் தொடங்குவதற்கு முந்தின வருடம் அவருக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பகலில் நினைவில்லாமல் கிடந்தார். நாக்கு உலர்கிறது, நனைத்துவிடுங்கள் என்று நர்ஸ் ஒரு கிளாஸ் தண்ணீரும் சின்னப் பஞ்சும் தந்துவிட்டுப் போனார். திரை இழுத்திருந்தது, உள்ளே நானும் அவரும் மட்டும்தான். சாகக் கிடப்பவருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். சுவாமி தேவையில்லை. தண்ணீரும் ஒரு வரிச் செபமும் போதும். தண்ணீர் என் கையில் இருந்தது. செபம் நாக்கு நுனிவரை வந்தது. ‘என்னை மாத்தாதை’ என்றவரின் தலையில், அவர் கண் மூடியிருக்கும்போது எப்படி ஊற்றுவேன்? பஞ்சை நனைத்து உதட்டைத்தான் துடைத்தேன். அரை மணித்தியாலத்தில் மூச்சு நின்றது.

இரண்டாவது ஆண்டுத் திவசத்துக்கு லூயிஷாமில் இருக்கும் என் தங்கை வந்தாள். அவள் சில வருடங்களுக்கு முன் பூசையை விட்டுவிட்டு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை சொன்னாள்: “அக்கா, அத்தானுக்காகப் பூசை குடுக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளேல்ல. அவர் போன இடத்தில இருந்து ஒருத்தரும் வெளியில வர ஏலாது. நீங்களாவது தப்பவேணும்.” கோபத்தில் சொல்லவில்லை. கண்ணீரோடு, என்மேல் உள்ள அக்கறையில் சொன்னாள். ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அவள் கையைத் தட்டிவிடவும் தெரியவில்லை.

பங்குச் சுவாமியிடம் கேட்டேன். இறைவனின் இரக்கம் பெரியது, அவரிடம் விட்டுவிடுங்கள் என்றார். நல்ல மனதோடு சொன்ன பதில்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அதில் பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை, அமெரிக்கர் தன் வழக்கமான வாதத்துக்குச் இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கொண்டுவந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அந்தக் கள்ளனைப் பாருங்கோ மேம். என்ன நன்மை செய்தவன்? பூசைக்குப் போனவனோ? உபவாசம் இருந்தவனோ? நேராய் மோட்சம். அதுவும் அண்டைக்கே.”

“ஞானஸ்நானமும் எடுக்கேல்ல” என்றேன்.

“எடுக்கேல்ல. தண்ணி ஒருத்தரையும் மீட்காது.”

“அப்ப என்ர மனுசன்?”

அவர் பைபிளிலிருந்து கண்ணை எடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், கார், குடை, கிளாசில் இருந்த தண்ணீர், தங்கை சொன்னது. 

“அவன் கேட்டவன், மேம்” என்றார் கடைசியில். “கள்ளன் வாய் திறந்து கேட்டவன்.”

அவ்வளவுதான். ஏதாவது சொல்வார் என்று பார்த்திருந்தேன். மாமாவையோ ஆற்றையோ இழுத்து ஒரு கதையாவது வரும் என்று நினைத்தேன். அவர் முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார். மிச்சம் இருந்த இரண்டு மணித்தியாலமும் கதைக்கவில்லை. வானிலும் கதைக்கவில்லை. இறங்கும்போது தொப்பியை மட்டும் தொட்டுக் காட்டினார். தங்கை அழுதுகொண்டு சொன்னதைத்தான் இவர் அழாமல் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை வானில் ஏறியதும் அவர் தொடங்கிவிட்டார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“என்ர மனுசி ஒண்டையும் நம்பாதவ. பள்ளிக்கூட ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை நான் சபையால வர, இறைச்சி வாட்டி வச்சிட்டு, ‘இண்டைக்கு ஆரை நரகத்துக்கு அனுப்பினவை?’ எண்டு கேப்பா. நான் சிரிப்பன். அவ செத்த அண்டு ஆஸ்பத்திரி விறாந்தையில வச்சு மகள் என்னட்டைக் கேட்டாள்: ‘அப்பா, அம்மா இப்ப எங்க?’”

வான் சிக்னலில் நின்றது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னன். எங்க எண்டு சொன்னன். எங்கட ஞாயிறு வகுப்பில எண்டா எனக்கு முழுப் புள்ளி கிடைச்சிருக்கும்.”

மகள் தன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அடக்கத்துக்கு வந்தாள், இவரைப் பார்க்கவில்லை. பிறகு அமெரிக்காவுக்கே போய்விட்டாள், அலபாமாவுக்குப் பக்கத்து மாநிலத்துக்கு. “நான் விட்டிட்டு வந்த இடத்துக்கு அவள் போயிட்டாள். அவள் விட்டிட்டுப் போன இடத்தில நான் இருக்கிறன்” என்றார்.

“இப்ப அவள் கேட்டா என்ன சொல்லுவியள்?” என்றேன்.

“தெரியாது எண்டு சொல்லுவன்.”

“நம்பிறதை மாத்திப் போட்டியளோ?”

“இல்லை மேம். நம்பிறதை மாத்த ஏலாது. ஆனா அண்டைக்கு அவள் என்னட்டைக் கேட்டது பைபிள் கேள்வி இல்லை. அது எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்திட்டுது.”

அன்று கதிரையில் ஊசி ஏற்றிய பிறகு அவர் என் பக்கம் சரிந்து, ரகசியம் போலச் சொன்னார்: “நீங்க அந்தக் கிளாஸ் விசயத்தில கவலைப்படாதேங்கோ. கிளாஸ் என்ன, ஒரு ஆத்தையே கொண்டுவந்து ஊத்தியிருந்தாலும், எங்கட சபைக் கணக்குப்படி அவர் நனைஞ்ச சைவக்காரன்தான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கை ஆடி மெஷின் கத்தத் தொடங்க, நர்ஸ் ஓடி வந்து எங்கள் இருவரையும் ஏசினார். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரை நினைத்து எவ்வளவோ அழுதிருக்கிறேன், சிரித்தது அன்று ஒருநாள்தான். அது ஆறுதலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கேள்வி பழையபடி அங்கேயே இருந்தது.

அதன்பிறகு அவர் மகளுக்கு எடுத்துப் பார்த்தார். போன் அடித்து அடித்து நின்றது. மெசேஜ் விட்டார். பதில் இல்லை. காகிதத்தில் எழுதினார், என்னிடம் வாசிக்கத் தந்தார். ஒரு பக்கத்துக்கு மேல் மழையைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் பகிடியாக எழுதி, கடைசியில் இரண்டு வரியில் விசயத்தைச் சொல்லியிருந்தார். பகிடியை வெட்டுங்கள் என்றேன். வெட்டினார். கடிதம் போனது. அதற்கும் பதில் இல்லை.

மூன்றாவது வருடம் அவர் காலில் ஒரு புண் வந்தது. விரல் இரண்டை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும். ஒரு மாதம் கழித்துச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“மேம், உயிர்த்தெழுகிற நாளில ஒரு பிரச்சினை இருக்கு” என்றார். “நான் அலபாமாவில அம்மாவுக்குப் பக்கத்தில எழும்பினா, என்ர கால் கிழக்கு லண்டனில எழும்பும். அதுக்கு எந்த பஸ் பிடிக்கிறது எண்டும் தெரியாது.”

நான் சிரித்தேன். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று அவர் கையைப் பார்த்தபோது தெரிந்தது. கதிரைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றக் காலிலும் கறுப்பு ஏறத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அடுத்த கிழமை சொன்னார். மெஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து இரண்டு தரம் நினைவு தப்பினார். வீட்டில் குளிக்க வார்க்க ஒரு ஆள், சாப்பாடு சூடாக்க ஒரு ஆள் என்று கவுன்சில் அனுப்பியது. அவர்களோடு அவர் பகிடி விடுவதில்லை என்றார். அவர்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அவர் கேட்டார்: “உங்கட ஆக்களிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுவியளோ? ஒருத்தன் இந்த மெஷினை விடுறான் எண்டு வைப்பம். அது தற்கொலையோ?”

நான் திருப்பிக் கேட்டேன். “உங்கட சபையில கேக்கேல்லையோ?”

“பத்துப் பேரிட்டைக் கேட்டா பதினொண்டாவது சபை ஒண்டு தொடங்கிடும். உங்களிட்டைத்தான் எழுதி வச்ச சட்டம் இருக்கு.”

வெள்ளிக்கிழமை சுவாமியிடம் போனேன். போகும் வழியெல்லாம் அவர் அதைப் பாவம் என்று சொல்ல வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு போனேன். பாவம் என்று ஒரு சொல் கிடைத்தால் போதும். அதைக் கொண்டுபோய் அந்த மனிதரை இன்னும் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருப்பேன். சுவாமி நிதானமாகச் சொன்னார்: “தன்ர உயிரை எடுக்கிறது வேற. உடம்பு தாங்க ஏலாத வைத்தியத்தை வேண்டாம் எண்டு விடுறது வேற. அது பாவம் இல்லை, அம்மா.”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சனிக்கிழமை வானில் அவர் ஏறும்வரை யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்றுவரை அதற்காக வருத்தப்படும் நாளும் உண்டு, வருத்தப்படாத நாளும் உண்டு.

“ரோமாபுரிக்கு நன்றி சொல்லுங்கோ” என்றார். பிறகு கன நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஊசி ஏற்றாத கையை.

அதற்கடுத்த செவ்வாய் வான் ஃபாரஸ்ட் கேட்டுக்குத் திரும்பாமல் நேராகப் போயிற்று. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

நோயாளரைக் கடைசிக் காலத்தில் பார்க்கும் ஒரு இல்லத்தில் அவரை வைத்திருந்தார்கள். மெஷின் இல்லாத நாளில் பஸ்ஸில் போனேன். தக்காளி சாண்ட்விச் வேண்டும் என்று நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வியாதிக்குத் தக்காளி விசம் மாதிரி. பல வருடமாக அவர் தொடாதது. வெள்ளைப் பாண், மயோனைஸ், தடிப்பாக வெட்டிய தக்காளி, உப்பு, மிளகு. அவர் சொன்னபடியே செய்து கொண்டுபோனேன். இரண்டு கடி கடித்தார். “தக்காளி சரியில்லை” என்றார். “இந்த நாட்டில சரியான தக்காளி இல்லை. ஆனாலும் நன்றி, மேம்.” மிச்சத்தை வைத்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. மூச்சுக்கு நடுவில்தான் சொற்கள் வந்தன.

பிறகு ஒரு நம்பர் எழுதிய துண்டை என்னிடம் தந்தார். “எனக்கு அவள் எடுக்க மாட்டாள். உங்கட நம்பர் அவளுக்குத் தெரியாதுதானே. ‘தெரியாது’ எண்டு அப்பா சொல்லச் சொன்னவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அண்ணை, பயமா இருக்கோ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நான் எங்க போவன் எண்டு எனக்குச் சந்தேகம் இல்லை” என்றார். “அங்க என்ர மனுசி இருக்க மாட்டா. அதுதான் பயம்.”

இல்லத்தின் வாசலில் நின்று நம்பரை அமத்தினேன். அங்கே காலை நேரமாக இருந்திருக்க வேண்டும். மகள் எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன், நிலைமையைச் சொன்னேன், அவர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு நாய் குரைத்தது.

“தெரியாது எண்டு சொல்ல அவருக்கு ஒன்பது வருசம் எடுத்ததோ?” என்றாள்.

“அவர் எழுதினவர்...”

“எல்லாம் வந்தது. நீங்கள் அவரோட இருக்கிறதுக்கு நன்றி. நான் வர மாட்டன்.” குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அவளுக்காகவும் எனக்கு நெஞ்சு நொந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வந்திருப்பேனோ தெரியாது.

திரும்ப உள்ளே போனேன். அவர் நித்திரையாகிவிட்டார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவர் எழும்பவில்லை. மூன்று நாள் கழித்து, நான் மெஷினில் இருக்கும்போது, நர்ஸ் வந்து சொன்னார்.

சுடலையில் ஏழு பேர் இருந்தோம். இரண்டு நர்ஸ், வான் டிரைவர், பக்கத்து பிளாட்டுக்காரர், நான், அவர் முன்பு போன சபையின் பாஸ்டர், அவருடைய மனைவி. அலபாமாவுக்குக் கொண்டுபோக யாரும் இல்லை. பாஸ்டர் அவரை நன்றாக அறியாதவர். இந்தச் சகோதரர் இப்போது ஆண்டவரோடு இருக்கிறார், அதில் ஐயமில்லை என்றார். பிறகு யாராவது ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் எழும்பாததால் நான் எழும்பினேன். ஆற்றில் மேல் பக்கம் கீழ் பக்கம் பார்த்து முக்கிய கதையைச் சொன்னேன். என் இங்கிலீஷில் அது ஓடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. பாஸ்டரின் மனைவி மரியாதைக்குப் புன்னகைத்தார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் தங்கை போன் பண்ணினாள். அவர் எந்தச் சபை என்று கேட்டாள். சொன்னேன். “அப்ப பயமில்லை அக்கா. மீட்கப்பட்ட மனுசன்” என்றாள் சந்தோசமாக.

“சொந்த மகளை ஒரு சொல்லால உடைச்சவர். அவர் மோட்சத்தில. பூசை முடியும்வரைக்கும் மழைக்குள்ள குடையோட நிண்டவர் நரகத்திலயோ?”

 அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. “நான் என்ன செய்ய அக்கா? எழுதிக் கிடக்கிறதை நான் மாத்த ஏலுமே?” என்றாள்.

அவளோடு இப்போது அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வருவாள், சமைப்பாள், எனக்குத் தெரியாமல் என் கட்டிலடியில் நின்று செபிப்பாள். நானும் தெரியாத மாதிரி இருந்துவிடுவேன்.

போன மாதம் இதய டொக்டர் கூப்பிட்டு, என் இதயம் தாங்காது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கிறோம் என்று சொன்னார். நல்லவிதமாகத்தான் சொன்னார். பெட்டியிலிருந்து ஒரு டிசு எடுத்தும் தந்தார். இனி மெஷின்தான், உடம்பு விடும்வரை.

அதற்குப் பிறகு நர்ஸ் ஒரு படிவம் கொண்டுவந்தார். நிலைமை மோசமானால் என்ன செய்ய வேண்டும், எங்கே இருக்க விருப்பம், யாருக்கு அறிவிப்பது என்றெல்லாம் கேள்விகள். என் வலது கையால் ஒவ்வொன்றாக நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், சமயகுரு ஒருவரைக் கூப்பிட வேண்டுமா என்று இருந்தது. ஐம்பத்தொன்பது வருடக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை அது. ஆனால் சுவாமி வந்து எண்ணெய் பூசி, பாவம் மன்னித்து என்னை அனுப்பிவிட்டால், நான் போகும் இடத்தில் என் கணவர் இருப்பாரா என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

“இதை என்ன செய்வம்?” என்று நர்ஸ் கேட்டார்.

பிறகு சொல்கிறேன் என்றேன். மூன்று கிழமையாகிறது. இன்னும் சொல்லவில்லை.